25 வீட்டை சேத்து ஒரு ஹோட்டல்: ஆம்ஸ்டர்டாம் கால்வாய் வீட்டுக்குள்ள மாடர்ன் ஆர்ட் என்ன பண்ணுது?

கேள்வி கேட்டவர் சொன்னதை சுருக்கி சொல்லிடறேன். ஆம்ஸ்டர்டாம் போயிருந்தாராம், பிரின்சன்கிராக்ட் கால்வாய் ஓரமா புலிட்சர்னு ஒரு ஹோட்டல், வெளியில பாத்தா வரிசையா பழைய செங்கல் வீடுங்க, உள்ள போனா பளீர்னு கலர் சோஃபா, ஒரு சூட்ல, அதாவது பெரிய சொகுசு ரூம்ல, சுவர் முழுக்க டிரம்பெட் மாட்டி வெச்சிருக்கான். "இது பாரம்பரியத்தை காப்பாத்துறதா, இல்ல தோலை மட்டும் வெச்சுக்கிட்டு உள்ள குடலை உருவுற வேலையா?"ன்னு கேக்குறார்.

நல்ல கேள்வி. நான் பழைய கட்டடங்களை சரி பண்ற தொழில்ல இருக்கேன், சில வருஷம் நெதர்லாந்துல வேலை பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க. என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன்: பழைய வீட்டுக்குள்ள புது கலை வர்றது தப்பே இல்ல, ஆனா அந்த வீட்டோட கோணலை அது கண்டுக்குதா இல்லையாங்கறதுதான் விஷயம். கோணலை கண்டுக்காம சுவத்துல ஆணி அடிச்சு மாட்டினா அது வெறும் அலங்காரம். கண்டுக்கிட்டா வீடும் பொழைக்கும், கலையும் பொழைக்கும்.

கோணல்னு நான் சும்மா சொல்லல, நெஜமாவே கோணல்தான். ஆம்ஸ்டர்டாம் கால்வாய் வீடு எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான் மீதி புரியும். 1613-லேர்ந்து நகரத்தை சுத்தி வளையம் வளையமா கால்வாய் வெட்ட ஆரம்பிச்சாங்க, ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட்னு. கரையோரமா மனை பிரிச்சு வித்தாங்க. கால்வாய் பக்கம் முகப்பு கிடைக்கிறதுதான் கஷ்டம், அதனால மனை அகலம் கம்மி, ஆழம் ஜாஸ்தி. ஆறு மீட்டர் எட்டு மீட்டர் அகலத்துல நாலு மாடி வீடு நிக்கும், பின்னாடி நீ..ளமா போயிட்டே இருக்கும். நம்ம ஊர்ல முன்கட்டு, ரெண்டாங்கட்டுன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு: முன்னாடி ஒரு வீடு, நடுவுல வெளிச்சத்துக்கு சின்னதா ஒரு முற்றம், அப்புறம் பின்கட்டு. அந்த பின்கட்டுக்கு டச்சுல அக்டர்ஹவுஸ்னு பேரு. டைரி எழுதின யூதச் சிறுமி ஆன் ஃப்ராங்க் குடும்பம் நாஜிகளுக்கு பயந்து ஒளிஞ்சிருந்த இடம் அப்படி ஒரு பின்கட்டுதான், பிரின்சன்கிராக்ட் 263. அதே தெருவுல கொஞ்சம் தள்ளி நடந்தா இந்த புலிட்சர் ஹோட்டல்.

இந்த ஊரோட பழைய பகுதி சதுப்பு நிலத்துல மரக்கட்டையை அடிச்சு அது மேல நிக்குது. மேல இருக்கற மண்ணு சதசதன்னு கரி மண்ணு, களிமண்ணு, கீழ பத்துப் பன்னெண்டு மீட்டர் போனாத்தான் கெட்டியான மணல் வரும், அது வரைக்கும் பைன் மரத்தை இறக்கி அது தலைமேல செங்கல் சுவர். டாம் சதுக்கத்துல இருக்கற அரண்மனைக்கு (கட்டும்போது அது நகர மண்டபம்) 13,659 மரம் அடிச்சாங்க. அந்த எண்ணை அங்க ஸ்கூல் பசங்க ஞாபகம் வெச்சுக்க ஒரு வழி இருக்கு, வருஷத்துக்கு 365 நாள், முன்னாடி ஒரு 1 போடு, பின்னாடி ஒரு 9 போடு, முடிஞ்சுது. மரம் தண்ணிக்குள்ளயே முழுகி இருக்கற வரைக்கும் காத்து படாது, அழுகாது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கி தலை வெளிய தெரிஞ்சா அழுக ஆரம்பிக்கும், ஒரு பக்கம் வீடு இறங்கும், பக்கத்து வீட்டு தோள்ல சாயும். தெருவுல நின்னு பாத்தா வீடுங்க எல்லாம் கல்யாண வீட்டு க்ரூப் போட்டோ மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்கும்.

ஆனா முன்பக்கமா, தெருவைப் பாத்து சாஞ்சிருந்தா அது பெரும்பாலும் கோளாறு இல்ல, வேணும்னே அப்படித்தான் கட்டினாங்க. வீட்டு உச்சியில ஒரு உத்திரம் நீட்டிக்கிட்டு இருக்கும், நுனியில கொக்கி. மாடிப்படி அவ்வளவு குறுகல், ஏணி மாதிரி செங்குத்து, அதுல பீரோ ஏத்த முடியாது, அதனால கயிறு கட்டி வெளிப்பக்கமா தூக்கி ஜன்னல் வழியா உள்ள இழுப்பாங்க, சுவர் முன்னால சாஞ்சிருந்தாத்தான் சாமான் சுவத்துல இடிக்காது. இன்னிக்கும் வீடு மாத்தும்போது அப்படித்தான் தூக்கறாங்க. நான் குடியிருந்த அபார்ட்மெண்ட்ல என் ஃப்ரிட்ஜ் ஜன்னல் வழியாத்தான் வந்துச்சு, கீழ நின்னு பாக்கறப்ப வயித்தை கலக்கிருச்சு. அந்த வீட்டுல மேஜை மேல பென்சில் வெச்சா அது தானா உருண்டு மேக்கு சுவத்துக்கு போயிடும். முதல் வாரம் எரிச்சலா இருந்துச்சு, அப்புறம் பென்சில் காணோம்னா எங்க தேடணும்னு தெரிஞ்சு போச்சு.

இப்படிப்பட்ட 25 வீட்டை உள்ளுக்குள்ள இணைச்சதுதான் புலிட்சர். 17, 18-ஆம் நூற்றாண்டு வீடுங்க, ஒரு பக்கம் பிரின்சன்கிராக்ட், மறு பக்கம் கைசர்ஸ்கிராக்ட், நடுவுல தோட்டம். 1970-ல தொறந்தது. தொறந்தவர் பீட்டர் புலிட்சர், பத்திரிகைக்காரங்களுக்கு பரிசு குடுக்கறாங்களே அந்த ஜோசப் புலிட்சரோட பேரன்.  

1970-ங்கற வருஷத்தை கொஞ்சம் கவனிங்க. அன்னிக்கு ஆம்ஸ்டர்டாம் நடுவூரு இன்னிக்கு இருக்கற மாதிரி இல்ல. பழைய வீடுன்னா தலைவலி. காரு ஓட ரோடு வேணும், மெட்ரோ வேணும்னு வரிசையா இடிச்சாங்க, 1975 மார்ச்ல நியூமார்க்ட் பக்கம் மெட்ரோவுக்காக வீடுங்களை காலி பண்ண வந்தப்போ போலீஸுக்கும் ஜனங்களுக்கும் பெரிய கலவரமே நடந்துச்சு. அந்த காலகட்டத்துல ஒரு ஆளு வந்து பாழடைஞ்ச கால்வாய் வீடுங்களை வாங்கி, இடிக்காம, இதுல ரூம் போடலாம்னு நெனச்சதே பெரிய விஷயம்தான். கால்வாய் வளையத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது 2010-ல, அதாவது நாப்பது வருஷம் கழிச்சு. அதனால "குடலை உருவிட்டாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அன்னிக்கு இருந்த வேற வழி என்னன்னு பாக்கணும். அநேகமா புல்டோசர்தான்.

சரி, 25 வீட்டை ஒண்ணா இணைக்கறதுன்னா என்ன? ஒவ்வொரு வீட்டுக்கும் தரை மட்டம் வேற, உத்திரம் ஓடற உயரம் வேற, நடுச்சுவர் வேற. வராந்தாவுல நடந்து போறப்ப மூணு படி ஏறுவீங்க, பத்தடி போனா ரெண்டு படி இறங்குவீங்க, திடீர்னு திரும்புவீங்க. புதுசா வர்றவங்க ரூமை தேடி அலையறது சகஜம். அந்த படி ஒவ்வொண்ணும் ஒரு வீட்டோட எல்லை. நேத்து வேற வேற குடும்பத்துக்கு சொந்தமா இருந்த ரெண்டு வீட்டுக்கு நடுவுல நீங்க தாண்டறீங்கன்னு அந்த படி சொல்லுது. எந்த டிசைனரா இருந்தாலும் முதல்ல இதை சமப்படுத்தணும்னுதான் கை அரிக்கும். சமப்படுத்தாம விட்டதுதான் இந்த ஹோட்டலோட நல்ல காரியம்னு நான் நெனைக்கறேன்.

இந்த மாதிரி வேலையில யாரும் போட்டோ எடுக்காத பகுதி ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி பேசாம ஆர்ட் பத்தி பேசறது அநியாயம். பாத்ரூம். 1650-ல கட்டின வீட்டுல பாத்ரூம் கிடையாது, ஹோட்டல்னா ரூமுக்கு ஒண்ணு வேணும். தண்ணி வரணும், கழிவு போகணும், கழிவுக் குழாய்க்கு சரிவு வேணும், உத்திரத்தை வெட்டக்கூடாது, கீழ் ரூம் கூரையில பழைய காரை வேலைப்பாடு இருந்தா அதைத் தொடக்கூடாது. அப்புறம் தீ. எல்லாம் மரத்தரை, மரப்படி, ஒரு மாடியில பத்திக்கிட்டா நிமிஷத்துல மேல போயிடும், அதனால தீ தாங்கற கதவு, தப்பிக்க தனி படி. அப்புறம் லிஃப்ட், அதுக்கு ஒரு குழி, எங்க வெட்டுவீங்க, சுத்தி அஸ்திவார மரக்கட்டைங்க. நல்லா செய்யறவங்க பெட்டிக்குள்ள பெட்டி வெக்கற மாதிரி செய்வாங்க. பழைய அறைக்குள்ள பாத்ரூமை தனி டப்பாவா நிறுத்துவாங்க, கூரை வரைக்கும் போகாது, பழைய சுவத்தை தொடாது, நாளைக்கு யாராவது வேணாம்னா கழட்டி எடுத்துடலாம், வீடு முன்ன இருந்த மாதிரியே இருக்கும். கழட்டி எடுக்க முடியுமாங்கறது எங்க தொழில்ல பெரிய கேள்வி.

இன்னொரு கேள்வி, புதுசு புதுசா தெரியுதா? 1964 வெனிஸ் சாசனம்னு ஒண்ணு இருக்கு, பழைய கட்டடம் தொடறவங்களுக்கு அதுதான் பாலபாடம். அதோட 9-ஆவது பிரிவு சொல்றதை நம்ம பாஷையில சொன்னா: ஊகம் ஆரம்பிக்கற எடத்துல கையை எடுத்துடு, அதுக்கு மேல ஏதாவது சேத்தே ஆகணும்னா அதுல இந்தக் காலத்து முத்திரை தெரியட்டும். அதாவது புதுசா செஞ்சதை பழசு மாதிரி நடிக்க விடாதே. இப்போ உங்க கேள்விக்கு வாங்க. பழைய வீட்டுக்குள்ள போலியா 17-ஆம் நூற்றாண்டு நாற்காலி, தங்க முலாம் கண்ணாடி, எல்லாம் போன வருஷம் ஃபேக்டரில செஞ்சது, அதை வெச்சா நமக்கு "ஆகா பாரம்பரியம்"னு தோணும். என்னைக் கேட்டா அதுதான் பொய். டிரம்பெட் சுவர் பொய் சொல்லல. அது 21-ஆம் நூற்றாண்டுல ஒருத்தன் மாட்டினதுன்னு யாருக்கும் சந்தேகம் வராது.

அந்த டிரம்பெட் வேலை யாரோடதுன்னா ஜாக்கூ ஸ்ட்ராஸ், தென்னாப்பிரிக்காக்காரர், முன்னாடி லண்டன்ல டாம் டிக்சன்ங்கற டிசைனரோட ஸ்டுடியோவுல இருந்தவர். 2016-ல முடிஞ்ச புதுப்பிப்பு இவரோடது. இவர் செஞ்ச ஒரு காரியம் எனக்கு ரொம்ப பிடிக்கும்: வரையறதுக்கு முன்னாடி அந்த ஹோட்டல்ல ஒவ்வொரு ராத்திரியும் வேற வேற ரூம்ல படுத்து தூங்கிப் பாத்தார். 225 ரூம், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல, ஒண்ணுல ஜன்னல் கால்வாய் பக்கம், ஒண்ணுல தோட்டம், ஒண்ணுல உத்திரம் தலையில இடிக்கும். காலையில வெளிச்சம் எந்தப் பக்கம் விழுது, பக்கத்துல வெஸ்டர்கெர்க் சர்ச் மணி எந்த ரூமுக்கு எவ்வளவு சத்தமா கேக்குது, இதெல்லாம் பிளான் ஷீட்ல வராது. படுத்தாத்தான் தெரியும். ஒரு டெம்ப்ளேட் போட்டு 225 தடவை அடிச்சிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும், செலவும் கம்மி.

அவரோட யோசனை என்னன்னா இந்த வீடுங்கள்ல வாழ்ந்திருக்கக்கூடிய ஆளுங்களை கற்பனை பண்ணி அவங்க ரூம் மாதிரி செய்யறது. புத்தகம் சேக்கறவர் ரூம், இசைக்காரர் ரூம், ஓவியம் சேக்கறவர் ரூம், பழம்பொருள் சேக்கறவர் ரூம்னு. புத்தக சூட்ல வாசல் வளைவே புத்தகத்தால ஆனது, நீங்க அதுக்கு அடியில நடந்து போகணும். கலர் எல்லாம் தைரியமா அடிச்சிருக்கார், நீலம், பச்சை, ஊதா வெல்வெட். ரூமுக்கு ரூம் சைக்கிள் பஞ்சர் ஒட்ற கிட் வெச்சிருக்காங்க, அந்த ஊர்ல அதை விட பொருத்தமான ஒரு பொருள் ஹோட்டல் ரூம்ல இருக்க முடியாது, எனக்கு அந்த சூட்டுங்களை விட இதுதான் பிடிச்சுது. டிரம்பெட் சுவர் பத்தி உண்மையைச் சொல்லணும்னா கொஞ்சம் ஓவர். போட்டோவுல பிரமாதமா இருக்கும், ஆனா ஒரு தடவை சிரிச்சுட்டோம்னா அதுக்கப்புறம் அது ஒண்ணும் சொல்லாது. புத்தக வளைவு அப்படி இல்ல, அது அந்த வீட்டோட குறுகலான வாசக்காலை எடுத்துக்கிட்டு விளையாடுது, வேற ஹோட்டலுக்கு அதைத் தூக்கிட்டுப் போக முடியாது. டிரம்பெட்டை துபாய்ல கூட மாட்டலாம்.

ஹோட்டலுக்கு ஒரு படகும் இருக்கு, 1909-ல கட்டினது, தேக்கும் மார்பிளுமா இருக்கும், 1946-ல சர்ச்சில் வந்தப்போ இதுலதான் போனார். 1981-லேர்ந்து ஆகஸ்ட் மாசம் ஹோட்டல் வாசல்ல கால்வாய் மேலயே மேடை போட்டு கச்சேரி நடக்குது, ஜனங்க அவங்கவங்க படகை கொண்டாந்து கட்டிட்டு உக்காந்து கேப்பாங்க, டிக்கெட் கிடையாது. ஹோட்டல் ஊருக்கு என்ன குடுத்துச்சுன்னு கேட்டா டிசைனை விட இந்தக் கச்சேரியைத்தான் நான் சொல்வேன்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி, நம்ம ஆளுங்களுக்கு தெரிய வேண்டிய ஒரு விஷயம். இந்த கால்வாய் வளையத்தை கட்டின காசு எங்கேர்ந்து வந்துச்சு? டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல ஆரம்பிச்சது, கொஞ்ச வருஷத்துலயே பழவேற்காட்டுல வந்து உக்காந்துட்டாங்க, 1658-ல போர்ச்சுக்கீசியர்கிட்டேர்ந்து நாகப்பட்டினத்தை புடிச்சாங்க, 1781-ல இங்கிலீஷ்காரன்கிட்ட விடற வரைக்கும் அங்கதான். சோழமண்டலக் கரையில நெசவு பண்ணி, சாயம் போட்டு, கையால பூ வரைஞ்ச துணி கப்பல் கப்பலா போச்சு. அதுக்கு டச்சுல சிட்ஸ்னு பேரு, நம்ம சீட்டித்துணிதான். கட்டிலை சுத்தி திரையா, போர்வையா, மேலங்கியா பணக்கார வீடுங்கள்ல இருந்துச்சு, ரெய்க்ஸ் மியூசியத்துல இன்னிக்கும் பாக்கலாம். அதே பணத்துல அடிமை வியாபாரமும் சர்க்கரைத் தோட்டமும் கலந்திருக்கு, அதுக்காக ஆம்ஸ்டர்டாம் மேயர் 2021-ல பகிரங்கமா மன்னிப்பு கேட்டாங்க. நான் இதை ஏன் இங்க சொல்றேன்னா, அந்த வீடுங்கள்ல 1600-கள்லயே வெளியூர் டிசைன், பளிச்சுன்னு கலர், அன்னிக்கு லேட்டஸ்ட் ஃபேஷன் எல்லாம் உள்ள வந்துட்டு இருந்துச்சு. சாம்பல் கலர்ல அடக்க ஒடுக்கமா இருந்த வீட்டை இப்போதான் கெடுத்துட்டாங்கன்னு நெனைக்கறது சரியில்ல. நாகப்பட்டினத்து செவப்புப் பூவு அந்தக் கட்டில்ல தொங்கினப்பவே அது பளீர்னுதான் இருந்துச்சு.

சரி இப்போ புலிட்சர்லேர்ந்து அஞ்சு பத்து நிமிஷ நடையில ஹேரன்கிராக்ட் ஓரமா அம்பாசடேன்னு இன்னொரு ஹோட்டல். பத்து கால்வாய் வீடு சேந்தது. இது சின்னது, அமைதியானது, என்னைக் கேட்டா கலை விஷயத்துல இதுதான் ஒசத்தி. இங்க டிசைனர் கற்பனை பண்ணின ஆளுங்க இல்ல, நெஜமாவே ஒரு சேகரிப்பு இருக்கு, கோப்ரா குழுவோட ஓவியங்கள். கோபன்ஹேகன், ப்ரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், மூணு ஊரு பேரையும் சேத்து வெச்ச பேரு. 1948 நவம்பர்ல பாரிஸ்ல ஒரு காஃபி கடையில ஆரம்பிச்சாங்க, டென்மார்க்ல அஸ்கர் யோர்ன், டச்சுக்காரங்க காரெல் ஆப்பெல், கான்ஸ்டன்ட், கார்நெய், பெல்ஜியம் கவிஞர் டோட்ரமோன். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு மூணு வருஷம், நாகரிகம் நாகரிகம்னு சொல்லி எல்லாரையும் கொன்னு குவிச்சாச்சு, இனிமே குழந்தை மாதிரி, கிறுக்கன் மாதிரி வரையலாம்னு ஒரு வேகம். தடிமனா பெயிண்ட், பறவைத் தலை, பெரிய கண்ணு, மிருகமா மனுஷனான்னு தெரியாத உருவம். 1949-ல ஸ்டெடலெய்க் மியூசியத்துல ஷோ போட்டப்போ பத்திரிகைங்க கிழிச்சு தொங்க விட்டுச்சு. 1951-ல குழுவே கலைஞ்சு போச்சு. மூணே வருஷம்.

அந்த ஓவியங்களை 17-ஆம் நூற்றாண்டு ரூம்ல, உயரமான ஜன்னல், பழைய உத்திரத்துக்குக் கீழ மாட்டினா என்ன ஆகும்? மியூசியத்துல வெள்ளை சுவத்துல அது கத்தும். இங்க சாயங்காலம் கால்வாய் தண்ணியில பட்ட வெளிச்சம் கூரையில ஆடும், அப்போ அந்தப் பறவைக் கண்ணு ரூமுக்குள்ள குடியிருக்கற மாதிரி இருக்கும். வரைஞ்சவங்கள்ல சில பேர் இந்த ஊர்லயே இருந்து வரைஞ்சவங்கதானே. அதனால அது வெளியிலேர்ந்து வந்து ஒட்டினது மாதிரி தெரியாது. அங்க ஒரு லைப்ரரியும் இருக்கு, அந்த ஊருக்கு வர்ற எழுத்தாளருங்க பல பேர் அங்கதான் தங்குவாங்க, போறப்ப கையெழுத்துப் போட்டு ஒரு புத்தகம் விட்டுட்டுப் போவாங்க, ஆயிரக்கணக்குல சேந்துருச்சு. புலிட்சர்ல புத்தகம் அலங்காரமா வளைஞ்சு நிக்குது, இங்க புத்தகம் நெஜமா வந்து சேந்தது. ரெண்டுத்துக்கும் வித்தியாசம் உள்ள நுழைஞ்ச அஞ்சு நிமிஷத்துல தெரியும்.

இந்த வேலையில என் கையை சுட்டுக்கிட்ட கதை ஒண்ணு சொல்லணும். பேரு வேணாம், ஒரு பழைய கால்வாய் வீடு, கீழ்த்தளத்துல ஒரு சாப்பாட்டு அறை. சுவர் எல்லாம் சுண்ணாம்புக் காரை, அங்கங்க உதிர்ந்திருந்துச்சு. அவசரம், காண்ட்ராக்டர் சிமெண்ட் பூசிடலாம்னார், நான் ஒரு நாள் ஊர்ல இல்ல, வந்து பாத்தா பூசி முடிச்சுட்டாங்க, பாக்க நல்லா வழவழன்னு இருந்துச்சு, நானும் சரி போகட்டும்னு விட்டுட்டேன். அது என் தப்பு. அது மேல ஒரு இளம் ஓவியரோட பெரிய கேன்வாஸ் மாட்டினோம். கீழேர்ந்து ஈரம் ஏறற சுவர் அது, சுண்ணாம்பா இருந்தா மூச்சு விட்டு வெளிய தள்ளிடும், சிமெண்ட் மூடிருச்சுன்னா ஈரம் எங்க போகும்? ஆறு மாசம் கழிச்சு ஓவியத்தை இறக்கினா பின்பக்கம் முழுக்க கறுப்புப் பூஞ்சை, சுவத்துல உப்பு பூத்து பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி இருந்துச்சு. வரைஞ்சவர் மூஞ்சிய பாக்க முடியல. சிமெண்ட்டை மொத்தமா கொத்தி எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூசி, அது காய ஒரு கோடை காலம் காத்திருந்து, சட்டத்தோட கீழ் மூலை ரெண்டுலயும் கார்க் துண்டு ஒட்டி, சுவத்துக்கும் ஓவியத்துக்கும் நடுவுல காத்து போற மாதிரி மாட்டினோம். பழைய வீட்டுல ஓவியம் மாட்டற யாரா இருந்தாலும் அந்த கார்க் துண்டை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்கங்க, அஞ்சு காசு பெறாது, ஓவியத்தை காப்பாத்தும்.

"கலை வீட்டோட பேசணும்"னு டிசைனருங்க பேட்டியில சொல்றதைக் கேட்டா எனக்கு இப்போ அந்தக் கறுப்புப் பூஞ்சைதான் ஞாபகம் வரும். கலை வீட்டோட பேசறது கலர்ல தொடங்கறதில்ல. சுவர் ஈரமா, எந்த ஆணி எந்த மூட்டுல போகும், செங்கல்ல அடிக்கறதா நடுவுல இருக்கற சுண்ணாம்புல அடிக்கறதா (சுண்ணாம்புலதான், அதை நாளைக்கு அடைச்சுக்கலாம், செங்கல் உடைஞ்சா உடைஞ்சதுதான்), கேன்வாஸ் எடையை எந்த உத்திரம் தாங்கும், இங்கதான் தொடங்குது.

கடைசியா ஒரு இடம், அடுத்த தடவை போனா கட்டாயம் பாக்கணும். அவுடசைட்ஸ் வோர்பர்க்வால் தெருவுல தி கிராண்ட்னு ஹோட்டல். இது வணிகர் வீடு இல்ல, முதல்ல கன்னியர் மடமா இருந்துச்சு, அப்புறம் கடற்படை அலுவலகம், அப்புறம் 1808-லேர்ந்து 1988 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபம், 1992-ல ஹோட்டல். 1966-ல நெதர்லாந்து இளவரசி பியாட்ரிக்ஸுக்கு பதிவுத் திருமணம் இங்கதான் நடந்துச்சு, சர்ச் கல்யாணம் புலிட்சர் பக்கத்துல இருக்கற அதே வெஸ்டர்கெர்க்ல, வழியில ஜனங்க புகைக்குண்டு வீசினாங்க, மாப்பிள்ளை ஜெர்மன்காரர்ங்கற கோபம்.

நகர மண்டபமா இருந்தப்போ, 1949-ல, அங்க அலுவலர்கள் சாப்பிடற கேன்டீன் சுவத்துல ஒரு ஓவியம் வரைய காரெல் ஆப்பெல்கிட்ட சொன்னாங்க. மேல சொன்ன அதே கோப்ரா ஆப்பெல். அவர் போருக்கு அப்புறம் ரயில்ல ஜெர்மனி வழியா போனப்போ ஸ்டேஷன்ல ஸ்டேஷன்ல பசியோட கையேந்தி நின்ன பசங்களை பாத்திருந்தார், அதை வரைஞ்சார். கட்டம் கட்டமா ஒடம்பு, பெரிய வட்டக் கண்ணு, நேரா பாக்கற பசங்க. தலைப்பு டச்சுல வ்ராகண்ட கிண்டரன். அந்த வ்ராகண்டங்கற வார்த்தைக்கு கேள்வி கேக்கறதுன்னும் அர்த்தம், ஏதாவது குடுங்கன்னு கேக்கறதுன்னும் அர்த்தம். இங்கிலீஷ்ல இதை மொழிபெயர்க்க திணறுவாங்க, ரெண்டுல ஒண்ணை விடணும். நமக்கு பிரச்சனையே இல்ல, "கேக்குற பசங்க"ன்னா முடிஞ்சுது.

அலுவலருங்களுக்கு அது தாங்கல. சாப்பிடறப்ப இந்தப் பசங்க எங்களையே பாக்கறாங்க, சோறு இறங்கலன்னு புகார். பெரிய சண்டை, பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. கடைசியில அதை மூடிட்டாங்க, மேல வால்பேப்பர் ஒட்டி, பத்து வருஷம் அப்படியே இருந்துச்சு. 1959-ல திரும்ப தொறந்தாங்க. கட்டடம் ஹோட்டலா மாறினப்போ அந்த ஓவியம் சுவரோட சேந்து ஹோட்டலுக்கு வந்துருச்சு, இன்னிக்கும் அங்கதான் இருக்கு. 1949-ல அதுதான் மாடர்ன் ஆர்ட், அதுதான் "பாரம்பரியக் கட்டடத்தைக் கெடுத்துட்டான்"னு திட்டு வாங்கினது. இப்போ அந்தக் கட்டடத்துல பாதுகாக்க வேண்டிய பொருள் லிஸ்ட் போட்டா அதுக்கு மேல் வரிசையில இடம்.

போனீங்கன்னா ரிசப்ஷன்ல கேளுங்க, சாப்பாட்டு அறைப் பக்கம் இருக்கு. பசங்க இன்னும் நேராத்தான் பாக்கறாங்க, எதிர்ல தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாம் வெச்சிருக்கும்.